நடந்துகொண்டே பதில் சொல்லுங்கள், அக்கா!

போன மாதம் ஒரு பரீட்சைக்குப் போய் வந்தேன். எழுதியது நானில்லை. ஆனால், தூக்கம் கெட்டது எனக்குத்தான்!

பரீட்சைக்குப் போனவர் பிலோமினா அக்கா. எங்கள் ஃபிளாட்டில் என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருப்பவர். பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். ஒரே மகள் ரெஜினா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஜோகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு அக்காவுக்குப் போகும். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக் கேக் எனக்கு வரும். மற்ற நாட்களில்? பேச்சு போகும், பேச்சு வரும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, அக்கா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். கதவைத் தட்டி, பதில் வராமல், என்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தவள் நான்தான். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். முதலில் நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்து நடந்தார், பிறகு கைத்தடிக்கு வந்தார். நல்ல முன்னேற்றம்தான்.

இப்போது பரீட்சை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களைப் பிசியோதெரபி பிரிவுக்கு வரச் சொல்லிச் சோதிப்பார்கள். பிடி இல்லாமல் நிற்கிறாரா, நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, ‘இவர் தனியாக இருக்கலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்வார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெஜினா ஜோகூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பெட்டி. தூக்கிப் பார்த்தேன்... காலி!

“ஆன்ட்டி, தனியா இருக்கலாம்னு அவங்க சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன். கூடாதுன்னா, சனிக்கிழம அம்மாவ கூட்டிட்டுப் போயிருவேன். இந்த வீட்ட வாடகைக்கு விட ஆளும் பார்த்தாச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏம்மா, ஒரு தடவ விழுந்ததுக்கு இப்படியா?”

“உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. நீங்க போன் பண்ணப்ப நான் சிங்கப்பூர் போற பாலத்து மேல பஸ்ல மாட்டியிருந்தேன். ஒரே ஜாம். இறங்கவும் முடியல, திரும்பவும் முடியல. அம்மா உயிரோட இருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியல. இன்னொரு தடவ என்னால முடியாதுலா.”

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்கா மட்டும் அசரவே இல்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா ஒருவர் இதே பரீட்சையை முன்பே முடித்தவர். அவர் வாட்ஸ்அப்பில் கேள்வித்தாளையே லீக் செய்துவிட்டார்! நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வார்கள்... கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள்... கொஞ்ச தூரம் நடந்து, ஒரு கூம்பைச் சுற்றித் திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள்.

விடுவோமா? நம் ஆட்களுக்குப் பரீட்சை என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதாதா, டியூஷன் ஆரம்பித்துவிட மாட்டோமா? எங்கள் மாடி காரிடாரில் தினமும் சாயங்காலம் ஒத்திகை. கூம்புக்குப் பதிலாக எதிர்வீட்டுச் சீன அங்கிளின் பூந்தொட்டி. அக்கா எழுவார், நடப்பார், தொட்டியைச் சுற்றுவார், வந்து உட்காருவார். நான் டீச்சர்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார் அக்கா. “வசந்தா, நான் நடக்கறப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது. கவனம் கலையுது.” நானும் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டீர்கள்.

பரீட்சை நாள் வந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மகன் முகத்தைத் தொங்கப் போட்டபடி வெளியே வந்து யாருக்கோ போன் செய்தான். அக்கா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த பிள்ளையார் சுலோகம் எல்லாம் பாதியில் நின்றுகொண்டது.

உள்ளே ஒரு நீள ஹால். சுவர் முழுக்கக் கண்ணாடி. நாற்காலி, ஆரஞ்சு நிறக் கூம்பு... லீக் ஆனது அத்தனையும் அப்படியே இருந்தது! பிசியோதெரபிஸ்ட் ஒரு தமிழ்ப் பெண். பெயர் சர்மிளா. உட்கார்ந்த உடனே அக்கா, “எந்த ஊரும்மா நீ?” என்று விசாரணையைத் தொடங்கிவிட்டார். சுங்கை பாக்காப் என்றாள். அங்கே அக்காவுக்குத் தெரிந்த இரண்டு குடும்பத்தை அவளுக்கும் தெரிந்திருந்தது. நமக்கு வேண்டிய பிள்ளைதான் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சர்மிளா அக்காவின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டினாள். தடுமாறினால் பிடித்துக்கொள்வதற்காம். “ரெடியா ஆன்ட்டி?”

அக்கா கை ஊன்றாமல் எழுந்தார். பாஸ். இரண்டு பாதத்தையும் சேர்த்து நின்றார். பாஸ். கண்ணை மூடச் சொன்னாள். மூடினார். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. உதடு முணுமுணுத்தது. நான் மூச்சே விடவில்லை. “போதும் ஆன்ட்டி, கண்ணத் தொறங்க” என்றாள். அதுவும் பாஸ்!

பிறகு கூம்பு. எழுந்தார், நடந்தார், சுற்றினார், வந்து ராணி மாதிரி உட்கார்ந்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமே இல்லை. பெற்ற தாய் பாஸாகிறாள், இவள் முகம் சுண்டிப் போகிறதே, என்ன பெண் இவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

“இன்னொரு தடவ நடங்க ஆன்ட்டி, சும்மா” என்றாள் சர்மிளா. அக்கா கைத்தடியோடு கிளம்பினார். சர்மிளா அரை அடி பின்னால், பெல்ட்டில் கை வைத்தபடி வந்தாள். பாதி வழியில் சாதாரணமாகக் கேட்டாள்: “காலையில என்ன சாப்பிட்டீங்க ஆன்ட்டி?”

அக்கா நின்றார். முகத்தைத் திருப்பி, “ரொட்டியும், பால் போடாத தே-ஓவும்தாம்மா” என்றார். பிறகு நடந்தார்.

சர்மிளா கொஞ்சம் விட்டு, “சமையல் யாரு, நீங்களா?”

அக்கா மறுபடி நின்றார். “அப்பப்ப வசந்தா குடுக்குது. நானும் கொஞ்சம் செய்வேன்.” பிறகு நடந்தார்.

சர்மிளா பேனாவை எடுத்து என்னவோ எழுதினாள். எனக்குப் பகீரென்றது. இது லீக் ஆகாத கேள்வியாயிற்றே!

“என்னம்மா எழுதறே?” என்றேன். கூட வந்தவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்று சுவரில் எழுதித்தான் ஒட்டியிருக்கிறது. அதை யார் பார்த்தார்கள்?

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். “கேள்வி கேட்டா நிக்கிறாங்க ஆன்ட்டி. நின்னாத்தான் பதில் வருது. அப்படின்னா, நடக்கறதுக்கே அவங்க கவனம் முழுசும் தேவப்படுது. வீட்டுல போன் அடிக்கும், யாராச்சும் கூப்பிடுவாங்க... கவனம் அங்க போனதும் கால் தடுமாறும். இந்த மாதிரி நிக்கிறவங்க விழற ஆபத்து அதிகம்.”

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள்!

“நல்லா இருக்கும்மா உங்க கணக்கு! அது மரியாதம்மா, மரியாத! பெரிய படிப்புப் படிச்ச பிள்ள ஒரு வார்த்த கேட்டா, நம்ம ஆளுங்க நின்னுதான் பதில் சொல்லுவாங்க. நடந்துக்கிட்டே பதில் சொன்னா திமிருன்னு சொல்ல மாட்டாங்களா? பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர் கேட்டதுக்கு நான் நடந்துக்கிட்டே பதில் சொன்னேன்னு காதத் திருகிட்டாரு. அந்தப் பழக்கத்துக்கா நீ மார்க்கக் குறைக்கறே?”

ஹாலே திரும்பிப் பார்த்தது. ரெஜினா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சர்மிளா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். “நானும் தமிழ்ப் பொண்ணுதான் ஆன்ட்டி. நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதான். அப்ப நீங்களே கேளுங்களேன். உங்களுக்கு அவங்க மரியாத குடுப்பாங்களா?”

“இவளுக்கா?” என்றார் அக்கா. “இவளுக்கு எதுக்கு மரியாத?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால், முடிவு முழுக்க இப்போது என் வாயில் வந்து நிற்கிறது.

அக்கா கிளம்பினார். நான் பக்கத்தில் நடந்தேன். புத்திசாலித்தனமாக ஆரம்பித்தேன். “அக்கா, நல்லாருக்கீங்களா?”

“ம்.” நடை நிற்கவில்லை.

“வலி இல்லையே?”

“ம்ஹும்.” நிற்கவில்லை!

“ஆன்ட்டி, பரீட்சையில பிட்டு குடுக்கறீங்களே!” என்றாள் சர்மிளா பின்னாலிருந்து. “வீட்டுல பேசற மாதிரி பேசுங்கலா.”

வேறு வழியில்லை. “அக்கா, பாசார்ல மீன்காரன் உங்களப் பத்திக் கேட்டான். வழக்கமா என்ன மீன் வாங்குவீங்க, மறந்துட்டேன்?”

தூக்கிய கைத்தடி தரைக்கு வந்தது. கால் நின்றது. “வவ்வா மீன். அவன் பழசத் தள்ளி விடுவான், செவுளப் பாத்து வாங்கு.”

“நிக்காதீங்கக்கா, நடங்க! செவுளு எப்படி இருக்கணும்?”

நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. அக்கா இந்த முறை நிற்கக் கூடாது என்று பிடிவாதமாக அடி வைத்தார். “செவப்பா...” என்று ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்த கால் தரையை உரசியது. மறு கால் அதன் குறுக்கே வந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைத்தடி கையை விட்டுப் போய்த் தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“அம்மா!” ரெஜினா பாய்ந்து வந்தாள். அதற்குள் சர்மிளா பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, அக்காவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? இரண்டு கையையும் நீட்டியபடி மரமாக நின்றேன்.

நாற்காலியில் உட்கார வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “அதுக்குத்தான் வசந்தா, உன்ன வாயத் தொறக்காதேன்னு சொன்னேன்.”

அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! மரியாதையாவது, மண்ணாங்கட்டியாவது. இத்தனை சத்தமாக வக்கீல் வேலை பார்த்தேனே, என் கட்சிக்காரருக்கே அந்தக் கேஸில் நம்பிக்கை இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு.

சர்மிளா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். மூட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. காலில் பலம் இருக்கிறது. ஆனால், இப்போதைக்குத் தனியாக இருக்க வேண்டாம். “இது பழகினா சரியாகும் ஆன்ட்டி. தினமும் ஒருத்தர் பக்கத்துல நடந்துக்கிட்டே பேச்சுக் குடுக்கணும். முதல்ல ‘ஆமா, இல்ல’ன்னு சொல்ற கேள்வி. அப்புறம் கொஞ்சம் பெருசா. அவசரமே இல்ல.”

“பேச்சுக் குடுக்கணுமா? அதுக்குத்தானே நான் இருக்கேன்!” என்று எழுந்துவிட்டேன். கடவுளே எனக்காக ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

“ராத்திரிக்கு ஆன்ட்டி?” என்றாள் ரெஜினா.

“நான் வந்து படுத்துக்கறேன்.”

“எத்தன நாளைக்கு? உங்க வீட்டு அங்கிளுக்கு நீங்கதானே இன்சுலின் ஊசி போடணும். அவர யாரு பாத்துக்குவா?”

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

கீழே கேன்டீனுக்குப் போனோம். நுரை பொங்க மூன்று கப் தே தாரிக் டீ வந்தது. யாரும் தொடவில்லை. அக்காதான் ஆரம்பித்தார்.

“இப்ப உக்காந்துதானே இருக்கேன், பேசலாம். ரெஜினா, ஜோகூர்ல நான் விழவே மாட்டேன். பயப்படாதே.”

“என்னம்மா சொல்றீங்க?”

“நீ விடியறதுக்கு முன்ன போயிருவே, இருட்டினப்புறம் வருவே. பகல்ல என்னப் பாத்துக்க நீ வைக்கற ஆளு பேசற பாஷ எனக்குப் பாதி புரியாது. பேச ஆளே இல்லாத வீட்டுல நான் எதுக்கு நடுவழியில நிக்கப் போறேன், எதுக்கு விழப் போறேன்?”

நான் உள்ளுக்குள் கை தட்டினேன். அப்படிக் கேளுங்கள் அக்கா!

ரெஜினா கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. “நானும் அந்த வீட்டுலதாம்மா இருக்கேன்” என்றாள்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“வந்து கதவத் தொறந்தா இருட்டா இருக்கும்மா. டிவியப் போட்டுக்கிட்டு அதுகூடச் சாப்பிடுவேன். காய்ச்சல் வந்தாக்கூட யாருகிட்ட சொல்றது? நீங்க இன்னிக்கு நல்லா நடந்தப்போ... எனக்கு சந்தோஷமே வரல. நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சிருச்சு.” சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளையையா ‘என்ன பெண் இவள்’ என்று மனதுக்குள் திட்டினேன்?

அக்கா கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்தார். “ஏண்டி, இத இத்தன நாளும் ஏன் சொல்லல? ‘விழுந்துருவீங்க, விழுந்துருவீங்க’ன்னே கூப்பிட்டே. நான் என்ன, ஒடையற சாமானா? ‘தனியா இருக்கேன், வாங்கம்மா’ன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா, நொண்டிக்கிட்டாவது வந்திருப்பேனே!”

அவ்வளவுதான். பரீட்சை முடிவு, பிசியோதெரபி, என் டியூஷன் எல்லாம் அந்த மேஜையில் ஆறிப் போன தே தாரிக்கோடு கிடந்தது. சனிக்கிழமை பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று ரெஜினா வாடகைக் கார் ஒன்று ஏற்பாடு செய்தாள். வழியில் நிறுத்தி நிறுத்தி, இறங்கி நடக்க வைத்துக் கூட்டிப் போனாள். வீட்டை வாடகைக்கு விடவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பிள்ளைகளே, ஒன்று சொல்லட்டுமா? அப்பா அம்மாவை உங்களோடு வந்து இருக்கச் சொல்லும்போது, அவர்களுக்கு என்ன ஆகிவிடுமோ என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு அவர்கள் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தான் ஒரு பாரம் என்று நினைத்து யார்தான் உற்சாகமாகக் கிளம்புவார்கள்?

நல்ல உபதேசம் இல்லையா? எழுத நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் காரிடாரில் தனியாக நிற்கும்போதுதான் கஷ்டம்.

இப்போது ரெஜினா சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் முதல் வேலை அக்காவின் நடைப்பயிற்சி. வீட்டுக்கு முன்னால் இருக்கிற பாதையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மறு கையில் போன். ஸ்பீக்கரில் நான்! கேள்வி கேட்கிற வேலை இன்னமும் எனக்குத்தான். சர்மிளா சொன்னபடி, சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகக் கேட்கிறேன். போனில் அக்காவின் கால் தெரியாது. ஆனால், கைத்தடியின் ‘டொக்... டொக்...’ கேட்கும். நான் கேட்பதும், அக்கா சொல்வதும், நடுவில் அந்தச் சத்தம் நிற்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதுமாகப் போகிறது எங்கள் சாயங்காலம்.

முதலில் நின்று நின்றுதான் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போன வாரம் மீன் குழம்பு வைக்கிற விதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னார். ‘டொக், டொக்’ ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. “அம்மா பாஸ் ஆன்ட்டி!” என்று ரெஜினா கத்தினாள். கத்தலில் அத்தனை சந்தோஷம். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில், வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

“எப்பக்கா பினாங்குக்குத் திரும்பி வருவீங்க?”

கைத்தடிச் சத்தம் நின்றுவிட்டது.